மூன்று மணிச் ‘சரி’

பீர்மேட்டுப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஏசுரத்தினம் சூப்பர்வைசர். இருபத்தெட்டு வருட சர்வீஸ் என்று ஒரு நாளைக்கு நான்கு முறையாவது சொல்லிவிடுவார். யாரும் கேட்கமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

காலை எட்டு மணிக்கு அவரைப் பார்க்க வேண்டும். யானைத் தடம் இருக்கிறதா என்று ஓடை வரைக்கும் தானே இறங்கிப் பார்த்த பிறகுதான் பெண்களைக் கொழுந்து கிள்ள விடுவார். அப்புறம் தொடங்கும் பிடுங்கல். எந்தச் செடி நிரை யாருக்கு, யார் நிரையில் யார் கை வைத்தது, தராசு சரியா, கம்பளி எப்போது வரும், அவதி, அதாவது லீவு, யாருக்கு என்று நாற்பது பெண்களுக்கு நாற்பது வழக்கு. நீதிபதி இவர் ஒருவர்தான். மூன்று மணிக்கெல்லாம் மனிதரிடம் ஒரே சொல்தான் மிச்சமிருக்கும்: “சரி, சரி.”

நாற்பது பேரை ஒரே தலையில் கட்டிய கம்பெனியைத்தான் நான் திட்டுவேன். ஆனால் கம்பெனியா மலையேறி வந்து யானைமுன் நிற்கப்போகிறது?

பெண்கள் விவரமானவர்கள். அவதி வேண்டுமென்றால் மூன்று மணிக்குத்தான் கேட்பார்கள். வேலுத்தாய் ஒரே மாதத்தில் நான்கு அரைநாள் வாங்கினாள்.

ஆனி மாதம் ஒருநாள், அதே மூன்று மணிக்கு, ஓடைச் சரிவில் கிளை ஒடியும் சத்தம் கேட்டது. அங்கே இன்னும் ஆறு நிரை பாக்கி.

“ஐயா, ஆனை நிக்குது போலருக்கு. எறங்கவா, வேண்டாமா?” என்றாள் வேலுத்தாய்.

“சரி, சரி. எறங்குங்க.”

சத்தம் வந்த பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் மனைவி கத்தரீனாளும் அங்கேதான் கிள்ளிக்கொண்டிருந்தாள். கொழுந்துச் சாக்கைக் கீழே போட்டாள்.

“இது மூணு மணிச் சரி. அவதிக்கு ஆவும், உசுருக்கு ஆவாது. ஒருத்தியும் எறங்காதீங்கடி.”

“நான் சொல்லுதேன்லா?”

“நீங்க எங்க சொல்லுதீக? ஒங்க அலுப்புல்லா சொல்லுது.”

பத்து நிமிடத்தில் அந்தச் சரிவிலிருந்து ஒரு கொம்பன் யானை ஏறி வந்தது. காலையில் வேலுத்தாய் அங்கே வைத்திருந்த தூக்குவாளியைத் தட்டையாக மிதித்துவிட்டுப் போனது.

மறுநாள் ஏசுரத்தினம் மேனேஜரிடம், “நாந்தான் சார் எல்லாரையும் எறங்க விடாம தடுத்து நிறுத்தினேன். இருபத்தெட்டு வருச சர்வீஸ்லா!” என்றார். நாற்பது பெண்களும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்கள். கத்தரீனாள் வெற்றிலையைத் துப்பினாள்.

மேனேஜருக்குப் புல்லரித்துவிட்டது. இப்பேர்ப்பட்ட சூரனுக்கு ஒரு தேயிலைக் காடு போதுமா? பக்கத்துக் காட்டுப் பெண்கள் முப்பத்தைந்து பேரையும் அவர் தலையிலேயே கட்டினார்.

இப்போதெல்லாம் பன்னிரண்டு மணிக்கே ‘சரி’ வந்துவிடுகிறது.