மூன்றாவது சுற்றில் ஏழுமலை

செய்தி வந்தபோது ஒரு கிரயப் பத்திரத்துக்கு நான்கு எல்லைகள் எழுதிக்கொண்டிருந்தேன். வடக்கு முடிந்து கிழக்குக்கு வந்திருந்தேன். மொபைல் கடை பாஷாதான் போனில் சொன்னான். "ரைட்டரே, நம்ம லாட்ஜ் ஏழுமலை தவறிட்டாருங்க. காலையில டிபன் சாப்ட்டு எழுந்தவரு அப்படியே சாஞ்சிட்டாராம்." நான் நம்பவில்லை. "யார் சொன்னது? நீ கண்ணால பாத்தியா?" என்று கேட்டேன். ஆகஸ்ட் பிறந்துவிட்டது, நாங்கள் ஆட்டக்காரர்களைப் பொறுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்றே வாரம். அந்தச் சமயத்தில் ஏழுமலையைப் பற்றி வரும் எந்தச் செய்தியையும் நான் நம்பியதில்லை. ஒரு வருஷம் "இடுப்புப் புடிச்சிக்கிச்சு, இந்தத் தடவ நான் வரல" என்று சொல்லி அனுப்பிவிட்டு, எல்லாரும் அசந்திருந்த நேரத்தில் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி வந்து உட்கார்ந்தவர் அவர். பாஷா போனிலேயே அழுதான். அதன்பிறகுதான் பேனாவை மூடினேன்.

நம் எண்மரில் மிச்சமிருக்கும் உங்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வெளியார் யாராவது படித்தால் விளங்க வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஏழுமலை செங்கம் ரோட்டில் ஒரு லாட்ஜுக்கு முப்பது வருஷம் மேனேஜர். நான் பத்திரம் எழுதிப் பிழைப்பவன். அந்த லாட்ஜில் வருஷக்கணக்காகத் தங்கியிருந்த தாடிக்கார அமெரிக்கர் ஒருவர், தியானம் செய்த நேரம் போக மீதி நேரத்தில் தன் ஊர்க் கால்பந்தை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். பெயர்தான் கால்பந்து, எல்லாம் கையால்தான். நாங்கள் ஆடுவதில்லை. ஆளுக்கொரு கற்பனை அணி. லாட்ஜ் மொட்டை மாடியில் எட்டுப் பேரும் ஆளுக்கொரு டீ டம்ளரோடு வட்டமாக உட்கார்ந்து, முறைவைத்து ஒவ்வொரு ஆட்டக்காரரின் பெயராகச் சொல்வோம். ஒருவர் சொல்லிவிட்ட பெயரை இன்னொருவர் தொடக்கூடாது. அந்த ஆட்டக்காரர்கள் அங்கே நிஜத்தில் ஆடி எடுக்கும் புள்ளிகள் இங்கே எங்கள் கணக்கில் ஏறும். தாடிக்காரர் ஊருக்குப் போய்விட்டார். ஆட்டம் எங்களோடு தங்கிவிட்டது. அந்தப் பெயர்கள் எங்கள் வாயில் நுழையாததால் ஆட்டக்காரர்களுக்கு நாங்களே பட்டப்பெயர் வைத்துக்கொண்டோம்.

அந்த ஆட்டத்தில் பந்தை எடுத்துக்கொண்டு ஆள்மேல் ஆள் மோத ஓடுகிறவர்கள் உண்டு. தூரத்தில் ஓடிப்போய், எறிந்த பந்தைப் பிடிக்கிற ரிசீவர்களும் உண்டு. யாரை முதலில் எடுப்பது, ரிசீவரை எந்தச் சுற்றில் எடுப்பது என்பதுதான் எங்கள் ஓயாத தகராறு. ஏழுமலை அதை ஒரே மூச்சில் தீர்த்துவைத்தார். "பௌர்ணமி கிரிவலம் அன்னிக்கு ரூம் கம்மி, டீ ஜாஸ்தி. மொதல்ல ரூமைப் புடி. நல்லா ஓடறவன்தான் ரூம். ரிசீவர் டீ மாதிரி, எங்கனா கெடைக்கும்." பாஷா விடவில்லை. "அப்ப கடைசில எடுத்தா போதுமா?" என்றான். "போடா. ஒருத்தன் டீ குடிக்க நின்னா பின்னாலயே ஊரே நிக்கும், பால் தீந்துடும். அவன் நிக்கிறதுக்கு ஒரு நிமிஷம் முந்தி நீ நிக்கணும்." அந்த ஒரு நிமிஷம் மூன்றாவது சுற்று என்பது அவர் கணக்கு. என் கணக்கும் அதுவே. வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

அவர் எதையும் நம்பாதவர். ஒரு வருஷம், முட்டியில் அடிபட்ட ஒருவன் குணமாகிவிட்டான் என்று எல்லாச் செய்தியும் சொன்னது. ஏழுமலை அவனுடைய வீடியோ ஒன்றைப் பாஷாவின் போனில் நாலு தடவை போட்டுப் பார்த்தார். "டாக்டர் சரியாயிடுச்சுன்றாரு. இவன் படி எறங்கறப்ப கைப்பிடியைப் புடிக்கிறானே, இன்னாத்துக்கு?" என்றார். அவன் மூன்றாவது வாரமே வெளியே உட்கார்ந்தான். "சொல்றவன் வாயைப் பாக்காத, கையைப் பாரு" என்பது அவர் அடிக்கடி சொன்னது. நானும் வில்லங்கம் பார்க்காமல் வீட்டு வாசற்படி ஏறாதவன்தான். எங்கள் இருவருக்கும் நடுவே நட்பு எப்படி முளைத்தது என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்.

பெயர் சொல்லும் முறை வயது வரிசைப்படி. அவர் எனக்கு ஐந்து மாதம் மூத்தவர், அதனால் மூன்றாவது சுற்றில் எனக்குச் சரியாக முன்னால் அவர். மூன்று வருஷம் தொடர்ந்து, நான் மனதில் வைத்திருந்த ரிசீவரை அவர் எடுத்தார். முதல் வருஷம் தற்செயல் என்று விட்டேன். இரண்டாம் வருஷம் என் பட்டியலைப் பஞ்சாங்கத்துக்குள் ஒளித்தேன். மூன்றாம் வருஷம் பழைய பாகப்பிரிவினைப் பத்திரக் கட்டுக்குள் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு மாடிக்குப் போனேன். என் மனைவியைக்கூடச் சந்தேகப்பட்டேன். அதற்கு அவள் கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது. அப்படியும் ஏழுமலை வாயிலிருந்து அதே பெயர்தான் வந்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, "நீங்க என் லிஸ்ட்டைத் திருடிப் பாக்கறீங்க. சோழியன் குடுமி சும்மா ஆடாது" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ரைட்டரே, முப்பது வருஷமா லாட்ஜ்ல இருக்கேன். துண்டை எடுத்துட்டுப் போறானான்னு ஒருத்தன் பையை நான் தொறந்ததில்ல. ஆளைப் பாத்தா போதும். உங்க லிஸ்ட்டு எனக்கு எதுக்கு?" என்றார். திருடனும் இப்படித்தான் பேசுவான் என்று நினைத்தேன். நினைத்ததைச் சொல்லவும் செய்தேன். அதற்கப்புறம் ரிஜிஸ்டர் ஆபீஸ் எதிரில் என் மேஜைக்கு டீ குடிக்க அவர் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

போன வருஷம் நடந்ததை நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள். ஏழுமலை தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, எனக்கு முதுகு காட்டி, மலையைப் பார்த்து உட்கார்ந்தார். கோபம் என்று நீங்கள் நினைத்தீர்கள். நான், யாருக்கோ ஜாடை காட்டத்தான் அப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்து, எதிர் மாடியெல்லாம் கண்ணால் துழாவினேன். என் மனதில் இருந்தது கொக்கு. நெடுநெடுவென்று வளர்ந்த அந்த ரிசீவருக்கு நாம் வைத்த பெயர். மூன்றாவது சுற்று வந்தது. நான் டீ டம்ளரைக் கீழே வைத்தேன். ஏழுமலை யாருமே நினைத்துப் பார்க்காத ஒரு ஓட்டக்காரன் பெயரைச் சொன்னார். கொக்கு எனக்காகக் காத்து நின்றது.

நான் என்ன செய்தேன்? ஒரு நல்ல மனையை ஊரே விட்டுவைத்திருந்தால் பத்திரம் எழுதுகிறவனுக்கு முதலில் என்ன தோன்றும்? வில்லங்கம். கொக்குக்குக் கால் போயிருக்கும், ஏழுமலைக்கு மட்டும் தெரிந்திருக்கும், எனக்கு வலை விரிக்கிறார் என்று முடிவு கட்டினேன். வேறொரு பெயரைச் சொன்னேன். எனக்கு அடுத்து இருந்த பாஷா "கொக்கு" என்று கத்திய கத்தலில் கீழே ரிசப்ஷனில் இருந்தவர்கள் மேலே ஓடி வந்தார்கள். கொக்கு அந்த வருஷம் பறந்தது. பாஷா முதலிடம். நான் கடைசி.

கடைசி இடம் வந்தவர் சித்திரை வெயிலில், நடுப்பகலில், செருப்பில்லாமல் கிரிவலம் போக வேண்டும் என்பது நம் வழக்கம். போனேன். அடி அண்ணாமலை தாண்டும்போது கால் கொப்பளித்துவிட்டது. பின்னால் மொபெட் சத்தம். ஏழுமலை. "ஆட்டோ கீட்டோ ஏறிட்டீங்களான்னு பாக்க வந்தேன்" என்றார். சோதனைக்கு வந்தவர் கையில் தூக்கு நிறைய மோர் எதற்கு என்று நான் யோசிக்கவில்லை. ஒரு புளியமர நிழலில் உட்கார்ந்தோம். "கொக்கை ஏன் விட்டீங்க?" என்று அவர்தான் கேட்டார். "நீங்க ஏன் விட்டீங்க?" என்று கேட்டேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "குடிங்க, சூடாயிடும்" என்றார். மோரில் என்ன கலந்திருக்கிறது என்று முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். நாங்கள் பேசிக்கொண்டது அதுதான் கடைசி.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். கூட்டம் கலைந்தபிறகு அவர் மனைவி சரசம்மா எனக்குக் காபி கொண்டுவந்தார். பாதி குடித்துவிட்டு டம்ளரைத் தரையில் வைத்தேன். அவர் நின்று என்னைப் பார்த்தார்.

"இன்னாண்ணா கேக்கணும்? கேளுங்க."

"நான் ஒண்ணும் சொல்லலியேம்மா. எப்படித் தெரியும்?"

"அவருதான் சொல்வாரு. ரைட்டரு பாதியோட டம்ளரைக் கீழ வெச்சார்னா எது மேலயோ மனசு போயிடுச்சுன்னு அர்த்தம், அப்ப ரைட்டரு கண்ணு எந்தப் பேர்ல நிக்குதுன்னு பாத்துக்குவேன்னு."

மாடியில் நாங்கள் ஆட்டக்காரர் பெயர்களையெல்லாம் ஒரு சார்ட்டில் எழுதி ஒட்டியிருப்போம். இத்தனை வருஷமும் நான் பூட்டிவைத்தது காகிதத்தை. பட்டியலைக் கண்ணில் ஏந்திக்கொண்டு அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறேன். "போன வருஷம் திரும்பி உக்காந்தாரே?" என்றேன்.

"உங்க மூஞ்சியைப் பாக்கக்கூடாதுன்னுதான். திருடன்னு சொல்லிட்டீங்களே. ஆனா டம்ளர் வெக்கிற சத்தம் கேட்டுச்சாம். அப்ப மிச்சமிருந்ததுல நல்ல ரிசீவரு கொக்குதானாம், ரைட்டரு மனசு அது மேலதான்னு தெரிஞ்சுபோச்சாம். அவருக்கே இருக்கட்டும்னு வேற பேரைச் சொன்னாராம்." சரசம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "வீட்டுக்கு வந்து சிரிச்சாரு. 'விட்டுக் குடுத்தேன் சரசு, அதையும் நம்பல அந்த மனுசன்'னாரு. அப்புறம் சாப்பிடாமயே படுத்துட்டாரு."

வீட்டுக்கு நடந்து வரும்போது, என் மனம் ஆறட்டும் என்று சரசம்மா கதை கட்டிச் சொன்னாரோ என்று ஒரு நினைப்பு எழுந்தது. சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று நடுரோட்டில் என்னை நானே திட்டிக்கொண்டேன். ஐந்து மாதம் மூத்த ஒரு மனிதரை எட்டுப் பேர் நடுவில் திருடன் என்றேன். அவர் பதிலுக்கு எனக்குக் கொக்கைக் கொடுத்தார். நான் அதை வாங்கவில்லை. புளியமரத்தடியில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் மோரை முகர்ந்துகொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்க ஆள் இல்லாதபோது அந்தச் சொல்லை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

வருகிற ஞாயிறு மாடியில் கூடுகிறோம். அவர் நாற்காலி அங்கேயே இருக்கட்டும், மலையைப் பார்த்தபடி. யாரும் திருப்ப வேண்டாம். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரு பழக்கம் மட்டும்தான், அதுவும் என்னுடையதே, அவர் கவனித்ததால்தான் எனக்கே தெரிந்தது. மூன்றாவது சுற்றில் பாதி டீயோடு டம்ளரைக் கீழே வைப்பேன், சத்தம் கேட்கும்படி. எனக்கு என்ன வேண்டும் என்று அதைக் கேட்டே தெரிந்துகொண்டவர் இனி வரமாட்டார்.