நாற்பத்து நான்காவது காலண்டர்

எங்கள் குடும்ப வரலாற்றுப் புத்தகம் அச்சுக்குப் போகிறது. மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதில் நன்றிக்கு மட்டும் நான்கு பக்கம் என்றதும் அச்சகத்துத் தம்பி சிரித்துவிட்டார்.

“ஐயா, இம்புட்டுப் பேருக்கு நன்றி சொன்னா குடும்பத்துக்கு எங்கன எடம்?”

நாற்பத்தாறு பேர். யாரையாவது விட்டிருப்பேனோ என்று இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை; மூன்று முறை எண்ணிவிட்டேன். கல்யாணப் பத்திரிகைகளைப் பெட்டி நிறையச் சேர்த்துவைத்திருந்த சித்தி, பழைய பத்திரங்களைப் படித்துச் சொன்ன எழுத்தர், என் தாத்தா தம் கடை வாசலில் நிற்கும் புகைப்படத்தைப் பரணிலிருந்து தேடி எடுத்துத் தந்த விருதுநகர் வத்தல் கடை பாய், எல்லாரும் வந்துவிட்டார்கள். இன்னும் இரண்டு பேர் பாக்கி. அவர்களுக்கு ஒரு வரி போதாது என்பதால் இதைத் தனியாக எழுதுகிறேன். அவர்கள் என் பெரியப்பாவும் பெரியம்மாவும்.

பெரியப்பாவுக்கும் என் அப்பாவுக்கும் ஒரே தங்கை. எங்கள் குடும்ப அச்சகத்தில் அச்செழுத்துக் கோத்துக்கொண்டிருந்தவரைக் கல்யாணம் செய்துகொண்டு சாத்தூருக்குப் போய்விட்டார் அத்தை. அப்போது நான் கைக்குழந்தை. அதன்பின் எங்கள் சிவகாசி வீட்டில் அவர் பேச்சை யாரும் எடுத்ததில்லை. நான் வரைந்த வம்சப் படத்தில் அத்தையின் கிளை வெறும் கோடாகவே நின்றது. அது என்னை உறுத்திக்கொண்டே இருந்ததால் போன வருடம் விசாரித்து, சாத்தூரில், காலமாகிவிட்ட அத்தையின் மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். பஸ்ஸில் முக்கால் மணி நேரம்.

“வாங்க அத்தான். சிவகாசியிலருந்து நடந்தே வந்தீகளாக்கும்? அறுவது வருசம் ஆயிருக்கு!” என்றாள். காப்பி கொடுத்த பிறகு ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

உள்ளே தினசரிக் காலண்டர் தாள்கள். எங்கள் பக்கத்தில் குழந்தை பிறந்தால் அன்றைய தாளைக் கிழித்துப் பத்திரப்படுத்துவது உண்டு. நட்சத்திரமும் திதியும் அதிலேயே இருக்கும், ஜாதகம் எழுத உதவும். அத்தை அதோடு நிறுத்தவில்லை. இருக்கன்குடி கோயிலில் மொட்டை போட்ட நாள், பள்ளிக்கூடத்தில் சேர்த்த நாள், மகள் பூப்பெய்திய நாள் என்று எல்லாவற்றுக்கும் தாள் கிழித்து, பின்பக்கம் பென்சிலால் விவரம் எழுதியிருந்தார். இருபத்தொன்பது தாள்கள். எல்லாவற்றின் அடியிலும் எங்கள் அச்சகத்தின் பெயர்.

“வேற காலண்டர சுவத்துல மாட்டவே அம்மா விடாது. வருசா வருசம் பஸ் கண்டக்டர் கையில வந்திரும். யாரு அனுப்புனாகன்னு மேல எளுதியிருக்காது, அத்தான்.”

யார் அனுப்பினார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த டப்பாவால் வெறும் கோட்டில் பத்தொன்பது பேர் முளைத்தார்கள். புத்தகம் வரும் நாளில் பத்தொன்பது பேரும் வருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். பந்திக்கு எத்தனை இலை என்று இப்போதே கவலையாக இருக்கிறது.

அந்தக் காலண்டர் விஷயம் நடந்தபோது எனக்குப் பத்து வயது. டிசம்பர் பிறந்தால் பெரியப்பா உறவினர் வீடுகளுக்குக் காலண்டர் அனுப்புவார். காலண்டர் வராத வீடு என்றால் உறவு அறுந்துவிட்டது என்று ஊரே புரிந்துகொள்ளும். பட்டியல் அவர் கையெழுத்தில் இருக்கும். பெரியம்மா ஒவ்வொரு காலண்டரையும் தாளில் சுற்றிச் சணலால் கட்டுவார். பட்டியலைப் பார்த்து மேலே பெயர் எழுதுவது என் வேலை. எதையும் எண்ணாமல் இருக்க என்னால் அப்போதும் முடியாது. அன்று எண்ணினேன். பட்டியலில் நாற்பத்து மூன்று வீடு. கட்டு நாற்பத்து நான்கு.

“பெரியம்மா, ஒண்ணு கூட இருக்கு.”

“எண்ணுனா வாய்க்குள்ள எண்ணுலே,” என்று பெரியம்மா ஒரு கட்டைப் பின்னால் நகர்த்தினார்.

இதை எப்படி விடுவது? மதியம் பெரியப்பா சாப்பிட உட்கார்ந்ததும் விஷயத்தைச் சொன்னேன். “அச்சாபீசுல தெரியாம ஒண்ணு கூடக் கொடுத்துட்டாக,” என்றார் பெரியம்மா, அடுப்பைப் பார்த்துக்கொண்டு.

“இல்ல பெரியப்பா! ரெண்டு தடவ எண்ணுனேன். பெரியம்மாதான் ஒண்ண ஒளிச்சு வச்சிருக்காக.”

பெரியம்மாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. பெரியப்பா என்னைப் பார்த்தார், பெரியம்மாவைப் பார்த்தார், பிறகு சோற்றைப் பார்த்தார். அந்தக் கட்டைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோய்க் கொடுத்தேன். சணல் முடிச்சை விரலால் தடவிப் பார்த்தவர், பிரிக்காமலே கீழே வைத்தார்.

“பட்டியல எடுத்துட்டு வாலே.”

இடது கையால் பென்சிலைப் பிடித்து, நாற்பத்து மூன்றுக்குக் கீழே 44 என்று கோணலாக எழுதினார். பக்கத்தில் பெயர் எழுதவில்லை.

“யாரு பேரு எளுத, பெரியப்பா?”

“கணக்கு சரியாயிருச்சில்ல? போ, போய் வெளையாடு.”

அவர் வேண்டாம் என்று கை காட்டியும் பெரியம்மா அவர் தட்டில் இன்னொரு அப்பளம் வைத்தார்.

அடுத்த டிசம்பரில், அழுக்கேறிய அந்தப் பட்டியலை நானே புதுத் தாளில் மையால் அழகாக எழுதிக் கொடுத்தேன். பெயரில்லாத வரி பார்க்க அசிங்கமாக இருந்ததால் அதை விட்டுவிட்டு, நாற்பத்து மூன்றோடு முடித்திருந்தேன். பெரியப்பா மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு என்னிடமே திருப்பித் தந்தார்.

“ஒண்ணு கொறையுதுலே,” என்றார்.

எல்லாப் பெயரும் இருக்கும்போது எது குறைகிறது? பெரியப்பாவுக்கு வயதாகிவிட்டது, எண்ணிக்கை தவறுகிறது என்று அன்றைக்கு அம்மாவிடம் போய் மிகுந்த வருத்தத்துடன் சொன்னேன்.