தீட்டு ஒட்டாத கம்பி

நாக்கில் சுருக்கென்று ஒரு புளிப்பு...

பேட்டரியில் உயிர் இருக்கிறதா என்று பார்க்க எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். இரண்டு கம்பி முனையையும் நாக்கு நுனியில் வைப்போம். புளித்தால் உயிர் இருக்கிறது.

நான் சொல்லச் சொல்ல இதை டைப் பண்ணும் என் பேத்தி, "ஐயே, நாக்குலயா?" என்கிறாள். நாக்கில்தான். தொண்ணூறைத் தாண்டியும் இந்த நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை, அது உங்கள் எல்லாருக்கும் தெரியும்.

ஜப்பான்காரன் சண்டை போட்டு இந்த நாட்டைப் பிடிப்பதற்குச் சில வருஷம் முந்தி. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸ். பின்பக்கச் சந்துக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு, அந்தப் பக்கம் பாக்கியத்தின் வீடு. அவளும் நானும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு.

எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் அந்த வருஷம் கைவேலை வகுப்பில் தையலை ஓரமாக வைத்துவிட்டு, இரண்டிரண்டு பேராக மின்சாரத்தில் ஓடுகிற ஏதாவது ஒன்றைச் செய்யச் சொன்னார்கள். ஓப்பன் டே அன்று பெற்றோர் முன்னால் காட்ட வேண்டும்.

நாங்கள் தந்தி செய்தோம். அப்பாக்கள் இருவருக்கும் ஸ்டேஷனில் வேலை, வேறென்ன தோன்றும்?

ஒரு பெரிய ஆணி. அதைச் சுற்றிப் பருத்தி நூல் போர்த்திய செம்புக் கம்பி. ஆணிக்கு மேலே பால் டின்னில் வெட்டிய தகரம். அங்கே பொத்தானை அழுத்தினால் இங்கே ஆணி காந்தமாகி, தகரத்தை இழுத்து 'டக்' என்னும். அவள் வீட்டில் ஒரு பெட்டி, என் வீட்டில் ஒன்று, நடுவில் சந்துக்கு மேலே கம்பி. ஒரு தட்டு என்றால் 'இருக்கியா'. இரண்டு என்றால் 'அம்மா வராங்க'. மூன்று என்றால் 'ஸ்கூலுக்குப் போலாம்'.

இது ஓடத் தொடங்கிய வாரமே பாக்கியம் வயதுக்கு வந்துவிட்டாள்.

பின்னறையில் உட்கார வைத்தார்கள். தனித் தட்டு, தனிப் பாய். நான் போய்ப் பார்க்கக் கூடாது. அதைவிடப் பெரிய இடி, அவள் அப்பா சொன்னது. "படிச்சது போதும் லா, இனி வீட்டுல இருக்கட்டும்." அப்போது அது ஒரு வீட்டுக் கதை இல்லை. வகுப்பில் ஒவ்வொரு இடமாகக் காலியாகிக்கொண்டேதான் வரும். என் பெஞ்சும் காலியாகும் என்று நான் நினைத்ததில்லை.

ஆனால் அவளுடைய தந்திப் பெட்டி அந்தப் பின்னறையில்தான் இருந்தது... சாயங்காலம் 'டக்' என்றது. ஓடினேன். இருட்டும்வரை தட்டிக்கொண்டே இருந்தோம்.

மறுநாள் அவள் அம்மா சந்தில் நின்று என்னைக் கூப்பிட்டார். வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று போனேன். அவர் கேட்டது வேறு.

"ஏண்டி, அவ தொடற கம்பியத்தானே நீயும் தொடற? தீட்டு அது வழியா வராதா?"

மின்சாரம் வரும், தெரியும். தீட்டு வருமா என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை.

"செம்புக் கம்பி அத்தை..." என்றேன்.

கம்பியைத் தடவிப் பார்த்தார். "செம்புக்குத் தீட்டு இல்ல. சாமிக்கு வைக்கிற சொம்பே செம்புதான். ஆனா மேல சுத்தியிருக்கு பாரு, இது பருத்தி. பருத்தி பிடிச்சுக்கும். இத உரிச்சிடுங்க."

பெரியவர்கள் சொன்னால் அப்பீல் ஏது? நான் என் பக்கம், பாக்கியம் அவள் பக்கம், ஞாயிற்றுக்கிழமை முழுக்க நூலை உரித்தோம். வெறும் கம்பியைத் திரும்ப ஆணியில் சுற்றி அழுத்தினேன். சத்தமே இல்லை. நாக்கில் வைத்துப் பார்த்தேன், புளித்தது. செம்பும் செம்பும் ஒட்டினால் மின்சாரம் சுற்றி வராமல் குறுக்கு வழியில் ஓடிவிடும் என்பது அப்போதுதான் உறைத்தது.

அவள் அம்மாவிடம் போய், "நூல் இல்லாம வேலை செய்யாது அத்தை" என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அவர் உள்ளே போய்த் தன் கல்யாணச் சேலையைக் கொண்டுவந்தார். "பட்டுக்குத் தீட்டு கிடையாது" என்று, கிழிந்திருந்த ஓரத்திலிருந்து இழை இழையாக உருவித் தானே கம்பியில் சுற்ற ஆரம்பித்தார். சுற்றிக்கொண்டே கேள்வி. இது எதுக்கு, அது எதுக்கு, எப்படி அங்க கேக்குது. தெரிந்ததைச் சொன்னேன். இரண்டு ஆணியிலும் அந்தப் பட்டுக் கம்பியைச் சுற்றி அழுத்தியதும் 'டக்' என்றது. அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

ஓப்பன் டேக்கு, பாக்கியத்தின் பெட்டிமேல் மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கொடுத்தனுப்பினார். பள்ளிக்கூடப் பக்கமே வராதவர், அன்று வந்து என் மேசை ஓரத்தில் நின்றார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "எங்க மவளும் சேந்து செஞ்சது" என்றார். ஒரு வெள்ளைக்கார அம்மாள் பட்டு எதற்கு என்று கேட்டாள். "அழகுக்கு" என்று சொல்லிவைத்தேன்.

சடங்கும் முடிந்தது. பெட்டி பழையபடி அவள் வீட்டுக்குப் போயிற்று. பள்ளிக்கூடம் உண்டா இல்லையா என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் சந்துக்கு அப்பால் அவள் அப்பாவின் குரல் கேட்டது. அதற்கு மேலே அவள் அம்மாவின் குரல்... அது அப்படி உயர்ந்து அதற்குமுன் யாரும் கேட்டதில்லை. பிறகு இரண்டுமே இல்லை. நான் பெட்டி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

டக்.

ரொம்ப நேரம் கழித்து இன்னொன்று. அப்புறம் மூன்றாவது.

பாக்கியம் படபடவென்று தட்டுவாள். இது அவள் கை இல்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். பெட்டிமேல் குனிந்து ஒற்றை விரலால் அழுத்திக்கொண்டிருந்தது அவள் அம்மா.

பாக்கியம் படித்தாள். பந்திங்கில் ரொம்ப வருஷம் டீச்சராக இருந்தாள். பூச்சோங்கில் என் வீட்டுக்கு வரும்போது காலிங் பெல்லைத் தொடவே மாட்டாள், கதவில் மூன்று தட்டுதான். அவள் போயும் வருஷங்கள் ஆகிவிட்டன.

இப்போது கொள்ளுப்பேத்தியின் ஸ்கூல் ப்ராஜெக்ட் அட்டைப்பெட்டியில் வருகிறது. கம்பி, மோட்டார், பேட்டரி, எல்லாம் அளவாக. முதல் தடவையே ஓடுகிறது. நல்லதுதான், பிள்ளைகளுக்கு அழுகை மிச்சம்.

போன வாரம் அந்தக் கம்பியைத் தடவிப் பார்த்தேன். மேலே பிளாஸ்டிக். இதற்குத் தீட்டு உண்டா என்று அத்தையைக் கேட்டால் என்ன சொல்லியிருப்பார்?

கொஞ்சம் யோசித்திருப்பார். உண்டு என்றால், தீட்டு இல்லாத ஒன்றை எங்கிருந்தாவது தேடிக் கொண்டுவந்திருப்பார்.