தம்பிக்கு நான் சொல்லிக்கொடுத்த சொல்

தன்னாமுனையில் என் பெயரில் ஒரு கல்வீடு இருக்கிறது. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டாமல் கலியாணப் பேச்சை எடுக்க முடியாது. அப்பா எங்களை விட்டுப் போய் வேறு குடும்பமாகிவிட்டதால் அந்தப் பொறுப்பு அம்மாவின் தலையில் விழுந்தது. கட்டார் நாட்டில் வீட்டு வேலை செய்து அவர் கட்டிய வீடு இது. அவரை அங்கே அனுப்பிவைத்தது நான்தான் என்று நெடுநாளாக எனக்கொரு பெருமை இருந்தது.

அப்போது எனக்கு எட்டு வயது, தம்பிக்கு இரண்டு. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருக்கிற தாய் வீட்டு வேலைக்கு வெளிநாடு போகக்கூடாதென்று சட்டம். போகாமல் இங்கே எதைத் தின்பது என்று அந்தச் சட்டத்தில் எழுதியிருக்கவில்லை. வீட்டைப் பார்த்து அறிக்கை எழுத அதிகாரி ஒருவர் வருவார் என்றதும் பெரியவர்கள் கூடிப் பேசி, தம்பியைச் சின்னம்மாவின் பிள்ளையாக்கிவிட்டார்கள். சின்னம்மா அம்மாவின் தங்கை, அடுத்த வளவில் இருந்தார். கலியாணமாகி ஏழு வருடமாகியும் அவருக்குப் பிள்ளை இல்லை.

தம்பியைப் பழக்கும் வேலை என்னிடம் வந்தது. சின்னம்மாவை "அம்மா" என்று கூப்பிட்டால் ஒரு டொபி. அவனோ டொபியை வாயில் போட்டுக்கொண்டு அம்மாவின் மடிக்கே ஓடிவிடுவான். ஒரு கிழமையில் டொபிப் பை முடிந்ததே தவிர, பாடம் ஏறவில்லை.

அதிகாரி ஒரு காலையில் வந்தார். குடையை வாசலில் சாத்திவிட்டு உட்கார்ந்தவருக்கு அம்மா தேத்தண்ணி கொடுத்தார். சின்னம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இது ஆர்ர புள்ள?" என்று கேட்டார் அதிகாரி.

"என்ட தங்கச்சிட புள்ள மிஸ்," என்றார் அம்மா.

அதிகாரி தம்பியின் முகத்தையும் அம்மாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இஞ்ச வா மனே," என்று தம்பியிடம் கையை நீட்டினார். புது ஆளைக் கண்டு மிரண்ட தம்பி, சின்னம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு "அம்மா!" என்று அலறினான்.

எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. அதிகாரி அம்மாவின் முகத்தை இன்னொரு தரம் பார்த்துவிட்டுப் பேனையை எடுத்தார். அறிக்கையில் கையெழுத்து வைத்தார். போகும்போது சின்னம்மாவிடம் மட்டும், "நல்லாப் பாத்துக்கொள்ளுங்ககா," என்றார். அவருக்கு எல்லாம் விளங்கியிருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். அவர் நன்றாக இருக்கவேண்டும்.

சின்னம்மா பார்த்துக்கொண்டார். நாலு வருடம் எனக்குத் தலைவாரிப் பேன் பார்த்தார். தம்பிக்கு டெங்கு வந்தபோது ஆஸ்பத்திரியில் அவன் கட்டிலடியிலேயே கிடந்தார். அம்மா திரும்பி வந்த அன்று, "இந்தா அக்கா, உங்கட புள்ளயள். ஒரு கீறலும் இல்ல," என்று சிரித்துக்கொண்டே எங்களை ஒப்படைத்தார். அவருக்கு நான் என்ன செய்தாலும் ஈடாகாது.

அதிகாரி வந்துபோன அன்று இதெல்லாம் எனக்குத் தெரியாது. அவர் வாசல் படலையைத் தாண்டியதும் பாராட்டு வாங்கக் குசினிக்கு ஓடினேன். அம்மா கழுவிய கோப்பையையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

"நான்தானம்மா சொல்லிக் குடுத்த," என்றேன்.

"ஓம் மகள், வடிவாச் சொல்லிக் குடுத்திருக்கா," என்றார், திரும்பாமலே.

அந்தப் பாராட்டு எனக்குப் போதவில்லை. அம்மா இன்னும் சந்தோசப்படட்டும் என்று தம்பியைக் குசினி வாசலுக்கு இழுத்துவந்து, சின்னம்மாவைக் காட்டி, இன்னொரு தரம் "அம்மா" என்று சொல்லவைத்தேன்.