பிள்ளையாருக்குப் பின்னால் ஒரு ஹோஸ் பெட்டி

எங்கள் அபார்ட்மெண்டில் தீப்பிடித்தால் எல்லோரும் கீழே ஓட வேண்டும். நான் மட்டும் தீ இருக்கும் பக்கம் ஓட வேண்டும். ஃபயர் சேஃப்டி பொறுப்பு என்னுடையது. என்ன தகுதி என்று கேட்காதீர்கள். அசோசியேஷன் கூட்டத்தில், "படிக்கட்டுகிட்ட இருக்கிற சிவப்புப் பெட்டி எதுக்கு சார்?" என்று வாயைக் கொடுத்தேன். எங்கள் கூட்டங்களில் கேள்வி கேட்டவன் தலையில்தான் வேலை விழும். லிஃப்டைப் பற்றிக் கேட்ட மனிதர் லிஃப்ட் பொறுப்பாளர் ஆகி, இப்போது படியேறித்தான் வீட்டுக்குப் போகிறார்.

ஹெப்பகோடியைத் தாண்டி உள்ளே இருக்கிறது எங்கள் கட்டடம். பாதிப் பேர் என்னைப் போல் தமிழ்நாட்டிலிருந்து கம்ப்யூட்டரைத் தட்ட வந்தவர்கள். சிவப்புப் பெட்டிக்குள் தீயணைக்கும் தண்ணீர்க் குழாய் சுருட்டி வைத்திருக்கிறது என்பது பொறுப்பேற்ற பிறகுதான் எனக்கே தெரியும். அதைத் திறந்து பார்ப்போம் என்று போனால், முன்னால் செருப்பு ஸ்டாண்டுகள். கன்னடம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் 'வழியை மறைக்காதீர்' என்று அச்சடித்து ஆணி அடித்து மாட்டினேன். அந்த ஆணியில் யாரோ குடையை மாட்டினார்கள்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்கிற நாட்களில்தான் எனக்குக் கஷ்டம் வருகிறது. தெருவில் காம்பவுண்டுச் சுவர்களில் சாமி டைல்ஸ் பதிப்பது எதற்கு என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதே வைத்தியம்தான். போன வருடக் காலண்டரிலிருந்து பிள்ளையாரைக் கத்தரித்து, எங்கள் மூன்றாவது மாடி ஹோஸ் பெட்டியின் கதவில் ஒட்டினேன். மறுநாள் காலை ஒரு செருப்புகூட இல்லை. மூன்று மொழியில் கெஞ்சி நடக்காததைப் பிள்ளையார் வாயைத் திறக்காமலே முடித்துவிட்டார். கமிட்டியில் என்னைப் பாராட்டினார்கள். நானும் தலையைக் குனிந்து அடக்கமாக ஏற்றுக்கொண்டேன். அடக்கமாக இருக்கிறேன் என்பது எல்லோருக்கும் தெரிகிற மாதிரி குனிந்தேன்.

அடுத்த வாரம் பிள்ளையாருக்குக் குங்குமம் வந்தது. அப்புறம் அகல் விளக்கு. பெட்டிக்கு எதிர் வீட்டு அக்கா, தெருவுக்கொரு கோவில் உள்ள ஆஸ்டின் டவுனில் பிறந்து வளர்ந்தவர், கோவிலில்லாத லேஅவுட்டுக்கு வந்துவிட்டோமே என்று ஏங்கிக்கொண்டிருந்தவர். பூஜையை அவர் கையில் எடுத்துக்கொண்டார். பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம், பித்தளை மணி, கிரானைட் பலகையில் ஒரு மேடை. விளக்கை யாரோ தூக்கிக்கொண்டு போனதும், மேடையைச் சுற்றி இடுப்பளவு கிரில். எண்ணெய் டின், கற்பூரம், தீப்பெட்டி எல்லாம் வைக்க இடம் வேண்டுமே? ஹோஸ் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். எங்கள் மாடியில் எளிதாகப் பற்றக்கூடிய சாமான் அத்தனையும் தீயணைப்புப் பெட்டிக்குள் இருந்தது. சாவி அக்காவிடம்.

ஒரு வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகையில் அலாரம் அலறியது. எல்லோரும் கதவைத் திறந்து பார்த்தார்கள், சாம்பிராணிதான் என்று தெரிந்ததும் மூடிக்கொண்டார்கள். அக்கா என்னைப் பார்த்தார். பொறுப்பானவன் அல்லவா, ஸ்டூல் போட்டு ஏறி, கூரையிலிருந்த ஸ்மோக் டிடெக்டருக்குப் பாலித்தீன் கவர் கட்டினேன். இறங்கியதும் ஒரு கிண்ணம் சுண்டல் கிடைத்தது. தேங்காய் தாராளமாகப் போட்டிருந்தார்கள்.

இப்படிச் சுபிட்சமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கடைசி வீட்டு டீச்சர் என்னைக் கூப்பிட்டார். லிங்கராஜபுரத்தில் காலமெல்லாம் கணக்கு சொல்லிக்கொடுத்து ரிட்டயரானவர். மகனோடு இங்கே வந்துவிட்டார். ஸ்கூட்டர்காரன் ஒருவன் இடித்ததில் காலில் ராடு, மேலே மாவுக்கட்டு, கையில் வாக்கர்.

"படிக்கட்டுக்கு அந்த வழியாத்தானே போகணும் தம்பி? வாக்கரை வெச்சுப் பார்த்தேன். கிரில்லுக்கும் சுவத்துக்கும் நடுவுல அது நுழையல."

லிஃப்ட் இருக்கிறதே என்றேன். தீப்பிடித்தால் லிஃப்டில் போகக்கூடாது என்று கீழே போர்டு மாட்டியது யார் என்று கேட்டார். நான்தான்.

கமிட்டியில் நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்களேன் என்று மெல்ல நழுவப் பார்த்தேன். டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை நான் எங்க போறேன்னு இந்த ஃப்ளோர் பூரா தெரியும். வழி விடுங்கன்னு நான் கேட்டா, சாமியை எடுக்கச் சொல்றாங்கன்னுதான் காதுல விழும். நீங்க சொன்னா வழி. நான் சொன்னா வம்பு. எனக்கு வம்பு வேணாம். நெருப்புன்னு வந்தா இந்த வீட்டுக்குள்ளயே வெந்து போகாம இருக்கணும், அவ்வளவுதான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செய்துவிடுகிறேன் என்று வீரமாகச் சொல்லிவிட்டு வந்தேன். அந்த வீரம் அக்கா வீட்டு வாசல் வரை தாங்கவில்லை. அவரோ வெள்ளிக்கிழமை தவறாமல் சுண்டல் கொடுக்கிறார். பிள்ளையாரை ஒட்டியவனோ நான். எந்த வாயால் எடுக்கச் சொல்வது? வாட்ஸப் குழுவில் பொதுவாகத் தீ விபத்து வீடியோக்கள் போட்டேன். எல்லோரும் கும்பிடும் கைப் படம் போட்டார்கள். கீழே புதுக் காருக்குப் பூஜை போட வந்த கன்னடப் புரோகிதரை மேலே அழைத்து வந்து, படிக்கட்டுப் பக்கம் சாமி இருப்பது தோஷம்தானே சுவாமி என்று எடுத்துக்கொடுத்தேன். பெட்டிக்குள் என்ன என்று கேட்டார். தண்ணீர்க் குழாய் என்றேன். "தும்பா ஒள்ளேது!" என்று கையைக் குவித்துவிட்டார். ரொம்ப நல்லதாம். பிள்ளையாருக்குப் பின்னாலேயே தீர்த்தம் அமைவது லேசில் கிடைக்காதாம். அதைக் கேட்டுக்கொண்டிருந்த அக்கா, மறுநாளே மேடைக்குப் பக்கத்தில் ஒரு துளசித் தொட்டியும் வைத்தார். வழி இன்னும் கொஞ்சம் குறைந்தது. டீச்சர் கதவு திறந்திருந்தால் அந்தப் பக்கம் நான் போவதையே நிறுத்திக்கொண்டேன்.

எக்ஸ்ரே எடுக்க டாக்டர் வரச் சொன்ன நாள் காலையில் லிஃப்ட் நின்றுவிட்டது. டீச்சரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு இறங்குவதென்று முடிவாயிற்று. அவர் மகன், வாட்ச்மேன், கீழ் மாடிக்காரர் ஒருவர், நாலாவது காலைப் பிடிக்க நான். கட்டுப் போட்ட கால் முன்னால் நீட்டிக்கொண்டிருக்க, ஊர்வலம் நன்றாகத்தான் புறப்பட்டது. பிள்ளையார் முன்னால் வந்ததும் கீழ் மாடிக்காரர் ஒரு நிமிஷம் என்றார். நாற்காலியை இறக்கினோம். அவர் செருப்பைக் கழற்றினார். வாட்ச்மேன் ஷூவைக் கழற்ற உட்கார்ந்தார். அவர்கள் கழற்றுகிறார்களே என்று நானும் கழற்றினேன்.

"நிஜமா நெருப்பு வந்தாலும் ஒவ்வொருத்தரா இப்படித்தான் கழட்டுவீங்களா?" என்றார் டீச்சர்.

மறுபடி தூக்கினோம். நாற்காலி நேராக நுழையவில்லை. சாய்த்தோம். பக்கவாட்டில் திருப்பினோம். டீச்சர் ஒரு கையால் மகன் தலைமுடியையும் மறு கையால் என் காதையும் பிடித்துக்கொண்டார். திருப்பிய வேகத்தில் மாவுக்கட்டுக் கால் போய் மணியில் இடித்தது. நல்ல மணி. கட்டடம் முழுக்கக் கேட்டிருக்கும்.

யாரோ பூஜை செய்கிறார்கள் என்று நினைத்து, அக்கா கற்பூரத் தட்டோடு வெளியே வந்தார். வந்தவர் கண்டது, அந்தரத்தில் சாய்ந்து தொங்கும் டீச்சரையும், நடுவில் மாட்டிக்கொண்ட நாற்காலியையும், வெறுங்காலோடு வியர்த்துக்கொண்டிருக்கும் எங்களையும். தட்டைக் கீழே வைத்தார்.

"இந்த வழியில போக முடியாதா உங்களுக்கு?"

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் மணியைப் பார்த்தேன்.

"முடியாதுங்க," என்றார் டீச்சர். "கட்டுப் போட்ட நாள்லேருந்தே முடியாது."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"நான் எப்படிங்க சொல்றது?"

அக்கா டீச்சரைப் பார்த்தார், கிரில்லைப் பார்த்தார். அப்புறம் உள்ளே திரும்பி, ஸ்பேனரோடு வரும்படி கணவருக்குக் குரல் கொடுத்தார். நாங்கள் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து இறக்கிவைத்தோம். நாலு போல்ட்டுதான், கிரில் கையோடு வந்துவிட்டது. கிரானைட் பலகை வெறும் செங்கல் மேல்தான் உட்கார்ந்திருந்தது. அக்காவே துளசித் தொட்டியை நகர்த்தி, பெட்டியைத் திறந்து எண்ணெய் டின்னை வெளியே எடுத்தார். கத்தி முனையால் படத்தின் ஓரங்களை மெதுவாக நெம்பி, கிழியாமல் பிரித்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, தன் வீட்டுப் பூஜை அலமாரிக்குக் கொண்டுபோனார். அவர் வீட்டுக் குக்கர் விசில் அடங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இதற்காகத்தான் நான் அத்தனை நாளாகப் புரோகிதரையும் வாட்ஸப்பையும் நம்பிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்து என் முன்னால் நின்றார். "நீங்கதானே ஃபயரு? சுண்டல் திங்க மட்டும் வாய் இருந்துச்சா?"

சரியான கேள்வி. குனிந்து நாற்காலியின் காலைப் பிடித்தேன். டீச்சர் படியிறங்கினார்.

சாயங்காலம் அவர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. எலும்பு நன்றாகக் கூடி வருகிறதாம். வீட்டுக்குள் போகுமுன் பெட்டிப் பக்கம் தலையைத் திருப்பி, "வழி ஆச்சு. அதுல தண்ணி வருதா?" என்று கேட்டார். நான் அதுவரை பார்த்ததே இல்லை. குழாயை இழுத்து வால்வைத் திருகினேன். நீளமாக ஒரு காற்றுச் சத்தம் வந்து நின்றது. விசாரித்தால், கோடையில் டேங்கர் வராத நாட்களில் தீயணைப்புத் தொட்டியைத்தான் வீடுகளுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். பிறகு யாரும் நிரப்பவில்லை. அந்தத் தண்ணீரில் குளித்தவர்களில் நானும் ஒருவன்.

இந்தத் தடவை சுற்றி வளைக்காமல் நேரே போய் டீச்சரிடம் சொல்லிவிட்டேன். கமிட்டியில் இன்றைக்கே பேசுகிறேன் என்றும் சொன்னேன்.

"நீங்க பேசாதீங்க தம்பி, நீங்க பேசுறதைப் பார்த்தாச்சு," என்று கட்டுப் போட்ட காலை ஸ்டூல் மேல் வசதியாக வைத்துக்கொண்டார். "இது தண்ணி விஷயம். இதுக்கு நான் எந்தக் கோவிலுக்குப் போறேன்னு எவனும் பார்க்க மாட்டான். நானே கத்திக்கறேன்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனில் அசோசியேஷன் செயலாளர் நம்பரைத் தேடினார். டீச்சர் முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் அதுவரை பார்த்ததில்லை.