மேலிருந்து பொழிச்சலூர்

"தள்ளு, தள்ளு" என்று படியேறிய வேகத்திலேயே அங்காளம்மா மூன்று தலைகளுக்கு மேலாகத் துண்டை வீசினாள். அது இடப்பக்கச் சன்னலோர இருக்கையில் போய் விழுந்தது. அங்கே உட்காரப்போன டை கட்டியவர் பாதியில் நின்றார்.

"என்னம்மா இது? துண்டு போட்டா சீட்டா?"

"பின்ன இன்னா சார், நம்பரா போட்டுக்கீது?"

நம்பர் இல்லைதான். மலிவு டிக்கெட், முந்துகிறவருக்கு இடம். விமானப் பணிப்பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு கையை விரித்தாள். டைக்காரர் ஸ்ரீரங்கன், குரோம்பேட்டைவாசி, வலப்பக்கச் சன்னலுக்குப் போய்ப் பேப்பரை விரித்தார்.

அங்காளம்மா பொழிச்சலூரில் தெருத்தெருவாக மீன் விற்பவள். தலைக்கு மேல் விமானம் போனால் கூவலைப் பாதியில் நிறுத்துவாள். போனதும் விட்ட எழுத்திலிருந்து கூவுவாள். அண்ணாந்து பார்த்தே காலம் போயிற்று. மறைமலை நகரில் வேலை பார்க்கும் மகன் மதுரைக்கு டிக்கெட் எடுத்துத் தந்ததும், அங்கிருக்கும் மகளைப் பார்ப்பதைவிட, மேலேயிருந்து தன் வீட்டைப் பார்ப்பதுதான் பெரிதாகிவிட்டது.

துபாய் போய்வந்த பக்கத்து வீட்டு தனசேகர், "மேலேந்து பாத்தா ஒரு மண்ணும் தெரியாதுக்கா" என்றான்.

"தெரிலன்னா எம் பேர மாத்தி வச்சிக்கினு கூப்புடுறா."

மொட்டைமாடியில் கூறைச்சேலையைச் சிவக்கச் சிவக்க விரித்துக் கட்டிவிட்டே கிளம்பினாள்.

"மதுரைக்கு எவ்ளோ நேரம் கண்ணு?"

"ஒரு மணி நேரம்மா" என்றாள் பணிப்பெண்.

"அவ்ளோதானா! பஸ்ல பாரிஸ் கார்னர் போவவே அதுக்கு மேல ஆவும். அதுல எங்க வூட்டாண்ட எவ்ளோ நேரம்?"

பணிப்பெண் விரலைச் சொடுக்கிக் காட்டினாள்.

"அய்ய! டிரைவராண்ட சொல்லி அங்க மட்டும் மெதுவா போவச் சொல்லு."

விமானம் ஓடியது, எழும்பியது. வயிறு மட்டும் தரையிலேயே தங்கிவிட்டது. அங்காளம்மா இமைக்கவில்லை. ஆனால் வந்தது பொழிச்சலூர் இல்லை. பரங்கிமலை, அப்புறம் கடல். காற்று மாறியிருந்ததால் அன்று கிழக்கே பார்த்துக் கிளப்பிவிட்டார்கள்.

"யோவ், ரூட்டு மாறிப் போறான்யா!"

விமானமே சிரித்தது. பிறகு ஒருக்களித்துச் சாய்ந்து திரும்பியது.

"அம்மா, ஓடி வாங்க! ஏர்போர்ட் இந்தப் பக்கம் தெரியுது!" என்று கத்தியவர் ஸ்ரீரங்கன். பேப்பர் அவர் காலடியில் கிடந்தது.

பெல்ட்டை எப்படிக் கழற்றினாளோ. "உக்காருங்கம்மா, உக்காருங்க" என்று பணிப்பெண் பதற, ஸ்ரீரங்கனின் மடியைத் தாண்டிக் கண்ணாடியில் மூக்கை அழுத்தினாள். ஓடுபாதை. ஆறு. அதையொட்டித் தீப்பெட்டிகள். நடுவே, புது மீனின் செவுள்போல ஒரு துளிச் சிவப்பு.

"தோ! எம் வூடு!"

"எங்க? எங்க?"

"அத்தோ சார், ஆடுது பாரு!"

"அப்போ இது எங்க ஸ்டேஷன்! அய்யோ, எங்க வீடு! தண்ணி டேங்க் நிரம்பி வழியுது பாருங்க!"

"அதெல்லாம் தெரியாது சார், சும்மா சொல்லாத!"

இருவரும் ஒருவர் தோளை ஒருவர் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். மேகம் வந்து மூடியது. சிரித்து முடிப்பதற்குள் மதுரை வந்துவிட்டது.

மறுநாள் மதுரையில் நல்ல வெயில். அங்காளம்மா மகளோடு மார்க்கெட்டுக்குப் போனாள். பாறை மீன் விலை கேட்டாள், வாங்கவில்லை. மத்தியானம் தனசேகருக்குப் போன் செய்து, வீட்டைப் பார்த்ததாகச் சொன்னாள். அவன் நம்பவில்லை. சாப்பிட்டுவிட்டுத் தூங்கினாள்.