காலடியில் கடல், கையில் காலி கேன்

ஜீரோக்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும்தான் இருக்கிறது. இருபத்திரண்டு வருடமாகப் பெட்ரோல் பங்கில் குழாயைப் பிடித்துக்கொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் மீட்டரைக் காட்டி "ஜீரோ பாத்துக்குங்க" என்று சொல்லிச் சொல்லி, அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. வீட்டில் மகளின் தட்டில் குழம்பு ஊற்றும்போதுகூட வாய் தவறி அதையே சொல்வார்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டில், தையல் வேலை பார்க்கும் மனைவி ஒருநாள் பேட்டரி ஸ்கூட்டர் வாங்கி வந்து நிறுத்தினாள். மனுஷனுக்குக் கோபம் தலைக்கேறியது.

"ஆம்புலன்ஸ் எதுல ஓடுது? அரிசி மூட்டை எதுல வருது? நீ திங்கிற சோறே பெட்ரோல் போட்ட சோறுடி!"

"அதான் வாசனையா இருக்கு. சட்டைய மூணு தடவ அலசினாலும் போகல. உங்க பக்கத்துல தீக்குச்சி கிழிக்கவே பயமா இருக்கு. அந்தப் புகையில நாள் பூரா நின்னுட்டு வந்து லொக்கு லொக்குனு இருமுறது யாரு, நானா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தார், இருமல்தான் வந்தது. இருமி முடித்துச் சபதம் போட்டார்: "என் பொணம்கூட அந்த வண்டில ஏறாது!"

மூன்று மாதம் சபதம் நின்றது. நான்காவது மாதம் ஒரு காலையில் பங்கில் கரண்ட் போனது. பதினோரு மணிக்கு எண்ணெய்க் கம்பெனி அதிகாரியைச் சோதனைக்கு அழைத்து வருவதாக முதலாளி சொல்லியிருந்தார். ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றி வைப்பது ஜீரோக்காரர் பொறுப்பு. பங்கில் டீசலுக்கா பஞ்சம் என்று மூன்று நாளாகத் தள்ளிப்போட்டிருந்தார். இப்போது பொத்தானை அமுக்கினால் ஜெனரேட்டர் அவரைப் போலவே இரண்டு தடவை இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது.

காலுக்கடியில் தொட்டியில் இருபதாயிரம் லிட்டர் டீசல். அதை மேலே இழுக்கக் கரண்ட் வேண்டும். கரண்டுக்கு ஜெனரேட்டர் ஓட வேண்டும். ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும். விரல் விட்டு மூன்று தடவை எண்ணிப் பார்த்தார். சுற்றிச் சுற்றி அதே இடத்துக்குத்தான் வந்தது. "இன்னொரு தடவ அசட்டையா இருந்தே, வீட்டுக்குப் போயிடு" என்று முதலாளி ஏற்கெனவே எச்சரித்திருந்தார். மணி பத்தரை.

அந்த நேரம் பார்த்து, அவர் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுத் தூக்கோடு மனைவி பேட்டரி ஸ்கூட்டரில் சத்தமில்லாமல் வந்து நின்றாள். விஷயத்தைக் கேட்டாள்.

"பங்குல டீசல் இல்லையா?"

"இருக்கு. எடுக்கத்தான் முடியாது."

அவள் சிரித்த சிரிப்பில் தூக்கு கீழே விழப் பார்த்தது. "கேனை எடுத்துக்கிட்டு ஏறுங்க."

கடிகாரத்தைப் பார்த்தார். பிணமாகத்தானே ஏறமாட்டேன் என்றோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, உயிரோடு ஏறினார்.

அடுத்த தெருப் பங்கில் குழாய் பிடிப்பவன் அவள் தம்பி. அங்கே ஜெனரேட்டர் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது.

"அட, மாமாவா! பேட்டரி வண்டில டீசல் வாங்க வந்த மொத ஆளு நீங்கதான்" என்றான். கேனை நிதானமாக வாங்கி வைத்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான். "மாமா, ஜீரோ பாத்துக்குங்க."

இருபத்திரண்டு வருடத்தில் அதை அவரிடம் யாரும் சொன்னதில்லை. காது சிவந்துபோனது. ஆனாலும் குனிந்து பார்த்துக்கொண்டார்.

பத்து ஐம்பத்தைந்துக்கு ஜெனரேட்டர் கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு எழுந்தது. அந்த நாற்றம் அன்றைக்கு அவருக்குச் சந்தனமாக மணத்தது. முதலாளியோடு அதிகாரி வந்தார், பார்த்தார், கையெழுத்துப் போட்டுப் போய்விட்டார்.

"முதலாளிகிட்ட சொல்லிடாதே" என்று மனைவியிடம் கெஞ்சினார்.

"சொல்லல. ஆனா நாளையிலேர்ந்து தினமும் என்கூட இந்த வண்டிலதான் வந்து எறங்கணும்."

மறுநாள் காலை, வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் பார்க்க, பெட்ரோல் பங்கு வாசலில் பேட்டரி வண்டியிலிருந்து இறங்கினார்.

"என்ன ஜீரோக்காரரே, கட்சி மாறிட்டீங்களா?" என்று கேட்டார் முதல் ஆளாக நின்ற ஆட்டோக்காரர்.

அவர் குழாயைக் கையில் எடுத்தார். முகத்தை மீட்டர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஜீரோ பாத்துக்குங்க" என்றார்.